ஆட்டோகேடில் ஐசோமெட்ரிக் வியூவைத் திருப்புவது: முழுமையான வழிகாட்டி

ஐசோமெட்ரிக் வியூவை எப்படித் திருப்புவது என்று கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைக் கேட்பதில்லை. ஒருவருக்குப் பொருளின் பின்பக்கம் தெரிய வேண்டும். இன்னொருவர் படுத்த வாக்கில் மாடல் செய்த ஷாஃப்டைத் தாளில் நிமிர்ந்து நிற்கிற மாதிரி காட்ட நினைக்கிறார். வேறொருவருடைய கட்டடம் எக்ஸ் அச்சிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறது, அதனால் எந்த ஐசோமெட்ரிக்கை எடுத்தாலும் கோடுகள் 30 டிகிரியில் விழ மாட்டேன் என்கின்றன. நாலாவது ஆள் 2டி-யில் கோடு கோடாக ஐசோமெட்ரிக் வரைந்து முடித்துவிட்டார், இப்போது அதையே வலப்பக்கம் நின்று பார்த்த மாதிரி வேண்டும்.

இந்த நாலுக்கும் வழி வேறு வேறு. ஆனால் முக்கால்வாசிப் பேர் எடுத்த எடுப்பில் ரொட்டேட் கமாண்டைத் தட்டி மாடலையே சுற்றிவிடுகிறார்கள், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மாடலைச் சுற்றினால் அதன் டாப் வியூ, ஃப்ரண்ட் வியூ எல்லாம் சேர்ந்து மாறும், எக்ஸ்ரெஃப்பாக வேறு ஃபைலில் இணைத்திருந்தால் அங்கேயும் இடம் பெயரும். ஒரு படத்துக்கு அழகான கோணம் வேண்டும் என்பதற்காக மாடலைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நகர வேண்டியது பார்க்கும் கண், இல்லையென்றால் தாளில் ஒட்டிய படம். இந்த இரண்டில் எது என்று முதலில் முடிவு செய்துகொண்டால் மீதி வேலை சுலபம்.

இங்கே சொல்வது ஆட்டோகேடை வைத்து. கமாண்டுகளை ஒலிப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகத் தட்டுங்கள்.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

கைக்குப் பழக ஒரு சின்ன மாடல் செய்துகொள்ளுங்கள். அடித்தட்டு எக்ஸ் திசையில் 100, ஒய் திசையில் 60, தடிமன் 10. அதன் பின் ஓரத்தில், அதாவது ஒய் 50 முதல் 60 வரை, 80 உயரத்துக்கு ஒரு நெட்டுத் தட்டு. நெட்டுத் தட்டின் நடுவில் 20 விட்டத்தில் ஒரு துளை. இடது முனையில் இரண்டு தட்டுகளையும் பிடித்துக்கொள்ள 10 தடிமனில் முக்கோண ரிப். வேண்டுமென்றே இடமும் வலமும் வேறாக இருக்கும் பொருளைச் சொல்கிறேன். வெறும் கனசதுரத்தை வைத்துப் பழகினால் எந்தப் பக்கம் திரும்பியது என்றே தெரியாது.

அடுத்து மூன்று அமைப்புகளைப் பாருங்கள்.

பெர்ஸ்பெக்டிவ் என்ற மாறி (கமாண்ட் லைனில் பெயரைத் தட்டி எண் கொடுத்து மாற்றும் அமைப்பு) 0 ஆக இருக்க வேண்டும். அது 1 ஆக இருந்தால் தூரத்துக் கோடுகள் குறுகும், அது ஐசோமெட்ரிக்கே இல்லை. வியூகியூப் (திரை மூலையில் திசை காட்டும் சின்னக் கனசதுரம்) மேல் வலது சொடுக்கி பேரலல் என்பதைத் தேர்ந்தெடுத்தாலும் இதுதான் நடக்கும்.

யுசிஎஸ்ஃபாலோ 0 ஆக இருக்கட்டும். அது 1 ஆக இருந்தால் நீங்கள் யுசிஎஸ்ஸை (வரைவதற்கு நீங்களே அமைத்துக்கொள்ளும் எக்ஸ், ஒய், இசட் அச்சுகளை) மாற்றும் ஒவ்வொரு தடவையும் திரை தானாகவே பிளான் வியூவுக்கு, அதாவது நேர் மேலிருந்து பார்க்கும் நிலைக்குத் தாவும், பாடுபட்டு அமைத்த கோணம் போய்விடும்.

விஷுவல் ஸ்டைலை ஹிட்டன் (மறைந்த கோடுகளைக் காட்டாத தோற்றம்) என்று வையுங்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். எல்லாக் கோடுகளையும் காட்டும் வயர்ஃப்ரேமில் ஐசோமெட்ரிக் வியூ பார்த்தால், கனசதுரத்தில் முன்மூலையும் பின்மூலையும் ஒரே புள்ளியில் விழும், மேலிருந்து பார்க்கிறோமா கீழிருந்து பார்க்கிறோமா என்று கண் மாறி மாறிச் சொல்லும். திசை தெரியாமல் திருப்ப ஆரம்பித்தால் முடிவே இருக்காது.

நான்கு மூலைகள்

ஐசோமெட்ரிக் என்பது பொருளைச் சுற்றி நான்கு மூலைகளில் ஒன்றில் நின்று, சற்று மேலிருந்து பார்ப்பது. ஆட்டோகேட் அவற்றுக்குத் திசைப் பெயர் வைத்திருக்கிறது. கமாண்ட் லைனில் சிறுகோடு சேர்த்து -வியூ என்று தட்டி, பிறகு எஸ்டபிள்யூஐசோ, எஸ்இஐசோ, என்இஐசோ, என்டபிள்யூஐசோ இவற்றில் ஒன்றைக் கொடுத்தால் அந்த மூலைக்குக் கண் போய் நிற்கும். மேலே வியூ பட்டியலிலும் இதே நான்கு இருக்கின்றன. வியூகியூப் இருந்தால் (2009 பதிப்பிலிருந்து இருக்கிறது) அதன் மூலையைச் சொடுக்கினால் போதும்.

எந்த மூலையில் அச்சுகள் எப்படி விழும் என்பதை மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் ட்விஸ்ட் செய்யும்போது இதுதான் கைகொடுக்கும்.

தென்மேற்கு: எக்ஸ் வலப்பக்கம் மேல்நோக்கி, ஒய் இடப்பக்கம் மேல்நோக்கி. முன்பக்கமும் இடப்பக்கமும் தெரியும்.

தென்கிழக்கு: எக்ஸ் வலப்பக்கம் கீழ்நோக்கி, ஒய் வலப்பக்கம் மேல்நோக்கி. முன்பக்கமும் வலப்பக்கமும் தெரியும்.

வடகிழக்கு: எக்ஸ் இடப்பக்கம் கீழ்நோக்கி, ஒய் வலப்பக்கம் கீழ்நோக்கி. பின்பக்கமும் வலப்பக்கமும்.

வடமேற்கு: எக்ஸ் இடப்பக்கம் மேல்நோக்கி, ஒய் இடப்பக்கம் கீழ்நோக்கி. பின்பக்கமும் இடப்பக்கமும்.

ஆக, பொருளை 90 டிகிரி சுற்றிப் பார்க்க வேண்டும் என்றால் இதே வரிசையில் அடுத்த மூலைக்குப் போங்கள், அவ்வளவுதான். நம் மாடலில் தென்மேற்கை எடுத்தால் ரிப்பின் வெளிப்புறம் முன்னால் வந்து உள்ளே இருப்பதை மறைக்கும். தென்கிழக்கில் ரிப், துளை, அடித்தட்டு மூன்றும் திறந்து தெரியும், அதனால் இந்தப் பொருளுக்கு அதுதான் சரி. பலர் மென்பொருளில் முதலில் கண்ணில் படும் தென்மேற்கையே எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். பொருளை உருவாக்கப் போகிறவர் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று யோசித்து மூலையைத் தேர்ந்தெடுங்கள்.

கீழிருந்து பார்க்க வேண்டுமா? அந்த நான்குக்கு -வியூவில் தனிப் பெயர் கிடையாது. வியூகியூபின் கீழ் மூலையைச் சொடுக்கலாம், அல்லது விபாயிண்ட் கமாண்டில் கண்ணின் திசையை எண்ணாகக் கொடுக்கலாம். தென்கிழக்கு என்றால் 1,-1,1. அதையே கீழிருந்து பார்க்க 1,-1,-1. விபாயிண்ட் தட்டியதும் டயலாக் பெட்டி திறந்தால் முன்னால் ஒரு சிறுகோடு சேர்த்துத் தட்டுங்கள், கமாண்ட் லைனிலேயே கேட்கும்.

இங்கே எல்லாரும் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. ஃப்ரண்ட் வியூவுக்குப் போனால், யுசிஎஸ்ஆர்த்தோ 1 ஆக இருக்கும்போது யுசிஎஸ்ஸும் கூடவே ஃப்ரண்டுக்கு மாறிவிடும். அங்கிருந்து நேராகத் தென்கிழக்கு ஐசோமெட்ரிக்குக் குதித்தால் கண் மட்டும் மாறும், யுசிஎஸ் ஃப்ரண்டிலேயே நிற்கும். அப்புறம் வட்டம் போட்டால் அது செங்குத்தாக நிற்கும், ஏன் என்று புரியாது. வழக்கமாக்கிக்கொள்ள வேண்டியது இது: ஐசோமெட்ரிக்குப் போகும் முன் ஒரு தடவை டாப் வியூவைத் தொட்டுவிட்டுப் போங்கள், இல்லையென்றால் போனதும் யுசிஎஸ் தட்டி வேர்ல்டு (மென்பொருளின் மாறாத உலக அச்சு) கொடுங்கள்.

35.264, 30 அல்ல

விபாயிண்டிலேயே ரொட்டேட் என்ற தேர்வு இருக்கிறது. அது இரண்டு கோணங்களைக் கேட்கும். முதலாவது, எக்ஸ் அச்சிலிருந்து தரையில் எவ்வளவு சுற்றி நிற்கிறீர்கள். வடகிழக்கு 45, வடமேற்கு 135, தென்மேற்கு 225, தென்கிழக்கு 315. இரண்டாவது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் கண் இருக்கிறது. இங்கே 30 என்று போட்டுவிடுகிறவர்கள் அதிகம், ஐசோமெட்ரிக் என்றாலே 30 டிகிரி என்று படித்ததால் வரும் பழக்கம். அந்த 30 தாளில் கோடு விழும் சாய்வு. கண்ணின் உயரக் கோணம் 35.264 டிகிரி. கனசதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போகும் கோடு தரையோடு செய்யும் கோணம் அது. அந்தக் கோட்டின் வழியாகப் பார்த்தால்தான் மூன்று அச்சுகளும் ஒரே அளவு குறுகி, ஒன்றுக்கொன்று 120 டிகிரியில் விழும்.

30 போட்டால் என்ன ஆகும்? தாளில் கோடுகள் 26.57 டிகிரியில் விழும், செங்குத்து அளவு ஒரு விகிதத்திலும் கிடை அளவு வேறு விகிதத்திலும் குறுகும். பழைய கணினி விளையாட்டுகளில் பார்க்கும் 2-க்கு-1 சாய்வு அதுதான், பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் ஐசோமெட்ரிக் இல்லை. 35 போட்டால் 29.84 டிகிரி வரும். திரையில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் மேல் 30 டிகிரியில் எழுத்தோ அளவுக்கோடோ போட்டால் நீளமான கோடுகளில் விலகல் தெரியும். அதனால் 35.264 என்று முழுசாகவே கொடுங்கள், அல்லது 1,-1,1 மாதிரி எண்களைக் கொடுங்கள், அது துல்லியமாகவே இருக்கும்.

இப்போது இருக்கும் வியூ உண்மையான ஐசோமெட்ரிக்கா என்று சந்தேகம் வந்தால் யுசிஎஸ்ஸை வேர்ல்டில் வைத்து வியூடிர் என்று தட்டிப் பாருங்கள். மூன்று எண்கள் வரும். குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் மூன்றும் சமமாக இருக்க வேண்டும். ஷிஃப்டை அழுத்தி மவுஸ் சக்கரத்தால் சுற்றி வைத்த வியூவில் இந்த மூன்றும் சமமாக வரவே வராது. கையால் சுற்றுவது பொருளைப் புரிந்துகொள்ளத்தான், தாளில் ஏற்ற அல்ல.

சில சமயம் உண்மையான ஐசோமெட்ரிக்கே காலை வாரும் என்பதையும் சொல்ல வேண்டும். தரையில் 45 டிகிரி திரும்பிய முகங்கள் இருக்கும் பொருளில் அவற்றில் சில வெறும் நேர்க்கோடாகச் சுருங்கும், விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்று விழும். நான்கு மூலையிலும் அதே கதைதான். அப்படிப்பட்ட பொருளுக்கு ஐசோமெட்ரிக்கை விட்டுவிட்டு 300, 30 போல ஒரு கோணத்தை எடுங்கள். அளவு போடாத, பார்த்துப் புரிந்துகொள்வதற்கான படத்துக்கு அது தாராளமாகப் போதும்.

தரையில் திரும்பி நிற்கும் பொருள்

மனையின் சாய்வுக்கு ஏற்ப 17 டிகிரி திரும்பி நிற்கும் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தென்மேற்கு ஐசோமெட்ரிக் போட்டால் சுவர்க்கோடுகள் ஒன்று சரிந்தும் ஒன்று நிமிர்ந்தும் கோணலாக விழும், ஏனென்றால் அந்த மூலை மென்பொருளின் உலக அச்சைப் பார்த்து வைத்தது, உங்கள் கட்டடத்தைப் பார்த்து அல்ல.

கட்டடத்தைத் திருப்ப வேண்டாம். கண்ணை அதே 17 டிகிரி கூட்டி நிறுத்துங்கள். விபாயிண்ட், ரொட்டேட், 225-க்குப் பதில் 242, பிறகு 35.264. சுவர்கள் அழகாக 30 டிகிரியில் வந்து உட்காரும். தென்கிழக்கு வேண்டுமென்றால் 332.

பொருள் தரையில் மட்டுமல்லாமல் எல்லாப் பக்கமும் சாய்ந்திருந்தால் (கூரைச் சரிவில் பொருத்திய ஒரு பிராக்கெட் மாதிரி) கணக்குப் போட்டு மாளாது. அதற்கு வேறு வழி.

1. யுசிஎஸ் தட்டி, மூன்று புள்ளிகள் கொடுத்துப் பொருளின் விளிம்புகளோடு அச்சுகளைப் பொருத்துங்கள்.

2. வேர்ல்டுவியூ என்ற மாறியை 0 ஆக்குங்கள். இனி விபாயிண்டுக்குக் கொடுக்கும் எண்கள் உலக அச்சை விட்டுவிட்டு இந்தப் புது யுசிஎஸ்ஸைப் பின்பற்றும்.

3. விபாயிண்டில் 1,-1,1 கொடுங்கள். அந்தச் சாய்ந்த பொருளுக்கே உரிய ஐசோமெட்ரிக் கிடைக்கும்.

4. வியூ கமாண்டில் ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். பிறகு வேர்ல்டுவியூவை மறக்காமல் 1-க்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்து அந்தக் கணினியில் உட்காருகிறவர் தவிப்பார்.

படுத்திருப்பதை நிமிர்த்துவது

விபாயிண்டும் மூலைப் பெயர்களும் இசட் அச்சை எப்போதும் திரையில் செங்குத்தாகவே வைத்திருக்கும். எக்ஸ் திசையில் கிடக்கும் ஷாஃப்ட் நின்றபடி தெரிய வேண்டுமென்றால் மூலையை எத்தனை தடவை மாற்றினாலும் நடக்காது. இங்கே தேவைப்படுவது ட்விஸ்ட், அதாவது கண் நின்ற இடத்திலேயே நிற்க, படம் மட்டும் பார்வைக்கோட்டைச் சுற்றிச் சுழல்வது.

எத்தனை டிகிரி என்பதுதான் முக்கியம். 90 என்று கொடுக்கத்தான் கை போகும். 90 கொடுத்தால் 30 டிகிரிக் கோடு 120-இல் நிற்கும், செங்குத்துக் கோடு கிடையாகும், மொத்தப் படமும் ஐசோமெட்ரிக் தோற்றத்தை இழந்துவிடும். அச்சுகள் 120 டிகிரி இடைவெளியில் இருப்பதால், 60-இன் மடங்குகளுக்கு மட்டுமே படம் மறுபடியும் ஐசோமெட்ரிக்காக வந்து சேரும். அதிலும் 120, 240 இரண்டும்தான் மேலிருந்து பார்க்கும் தோற்றத்தைக் காப்பாற்றும். 60, 180, 300 கொடுத்தால் பொருளைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஆகிவிடும்.

ஷாஃப்டின் எக்ஸ் முனை மேலே வர வேண்டும், அந்த முனையின் முகமும் தெரிய வேண்டும். அப்படியானால் எக்ஸ் முனை நம்மை நோக்கி வரும் மூலையை முதலில் எடுக்க வேண்டும், தென்கிழக்கில் அது வலப்பக்கம் கீழே, அதாவது 330 டிகிரியில் இருக்கிறது. 120 கூட்டினால் 450, அதாவது 90. நேராக மேலே.

1. -வியூ, எஸ்இஐசோ.

2. டிவியூ என்று தட்டுங்கள். பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், தேர்ந்தெடுக்காமல் என்டர் அடித்தால் ஒரு சின்ன வீட்டுப் படம் வரும், பயப்பட வேண்டாம், அது மாதிரிக்குத்தான்.

3. டிடபிள்யூ, பிறகு 120, பிறகு வெளியே வர என்டர். நடுவில் டிஸ்டன்ஸ் என்ற தேர்வைத் தொட்டுவிடாதீர்கள், அது பெர்ஸ்பெக்டிவை இயக்கிவிடும்.

இந்த ட்விஸ்ட் கோணம் கூட்டல் கணக்கு அல்ல. இன்னொரு தடவை 120 கொடுத்தால் 240 ஆகாது, அதே இடத்தில்தான் நிற்கும். 0 கொடுத்தால் பழைய நிலை. இப்போது எவ்வளவு என்று பார்க்க வியூட்விஸ்ட் என்று தட்டலாம். நம்மை நோக்கி வரும் முனை இடப்பக்கம் கீழே, 210 டிகிரியில் இருந்தால் 240 கொடுக்க வேண்டும், உதாரணமாக வடமேற்கில் ஒய் முனை.

டிவியூ பிடிக்காதவர்களுக்கு யுசிஎஸ் வழி இருக்கிறது, எனக்கே இதுதான் அதிகம் பிடிக்கும், என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதால். யுசிஎஸ், வியூ கொடுத்தால் யுசிஎஸ் திரைக்கு இணையாகப் படியும். பிறகு யுசிஎஸ், இசட், -120. கடைசியில் பிளான் தட்டி என்டர். பிளான் அந்த எக்ஸ் அச்சைக் கிடையாக்கும், அதனால் படம் எதிர்ப்பக்கம் 120 சுழலும். குறி தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள், டிவியூவில் 120 என்றால் இங்கே -120. முடிந்ததும் யுசிஎஸ்ஸை வேர்ல்டுக்கு மாற்றிவிடுங்கள், படம் அசையாது.

வியூகியூப் ஓரத்தில் வளைந்த அம்புக்குறி இருக்குமே, அதை அழுத்தக் கூடாதா என்று கேட்கலாம். அது நேர்முக வியூக்களில், அதாவது டாப், ஃப்ரண்ட் மாதிரியானவற்றில் மட்டும்தான் தோன்றும், ஐசோமெட்ரிக்கில் இருக்கும்போது வராது.

தாளில் திருப்புவது

மேலே சொன்னதெல்லாம் மாடல் ஸ்பேஸில். லேஅவுட்டில், அதாவது அச்சிடும் தாளில், ஒவ்வொரு வியூபோர்ட்டுக்கும் (மாடலைக் காட்டும் சட்டம்) தனித்தனி கண் உண்டு, ஒன்றில் தென்கிழக்கும் இன்னொன்றில் வடமேற்கும் வைக்கலாம். வியூபோர்ட்டுக்குள் இரட்டைச் சொடுக்கிட்டு நுழைந்து அதே கமாண்டுகளைக் கொடுங்கள்.

வியூபோர்ட் சட்டம் நேராகவே இருக்க, உள்ளே படம் மட்டும் சுழல வேண்டுமென்றால் எம்விசெட்டப். அதில் அலைன், பிறகு ரொட்டேட் வியூ, எந்த வியூபோர்ட் என்று சொடுக்கி ஒரு புள்ளியையும் கோணத்தையும் கொடுங்கள். மாறாக, பேப்பர் ஸ்பேஸில், அதாவது வியூபோர்ட்டுக்கு வெளியே தாளில் நின்று சட்டத்தையே ரொட்டேட் செய்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து சுழலும், விபிரொட்டேட்அசோக் 1 ஆக இருக்கும் வரை. அதை 0 ஆக்கினால் சட்டம் மட்டும் திரும்பும்.

ஸ்கேலைப் பற்றி ஒரு வார்த்தை. வியூபோர்ட்டை 1:1 என்று வைத்தால் நம் மாடலின் 100 விளிம்பு தாளில் 100 ஆக இருக்காது, 81.65 ஆக இருக்கும். ஐசோமெட்ரிக்கில் மூன்று அச்சிலும் நீளம் 0.8165 மடங்காகக் குறுகுவதுதான் காரணம். ஸ்கேல் வைத்து அளந்தால் 100 கிடைக்க வேண்டும் என்றால் ஜூமில் 1.2247எக்ஸ்பி கொடுங்கள். 1:2 தாளுக்கு 0.6124எக்ஸ்பி. கோணத்தையும் ஸ்கேலையும் அமைத்த கையோடு வியூபோர்ட்டைப் பூட்டிவிடுங்கள், மவுஸ் சக்கரம் ஒரு தடவை தவறி உருண்டாலும் எல்லாம் போய்விடும். அச்சிடும்போது மறைகோடுகள் நீங்க, வியூபோர்ட்டின் பண்புகளில் ஷேட் பிளாட்டை ஹிட்டன் என்று வையுங்கள், திரையில் ஹிட்டனாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

படத்தைத் தட்டையாக்கி வேறு இடத்தில் ஒட்ட வேண்டுமென்றால் ஃபிளாட்ஷாட் போதும். அப்போதைய வியூவை 2டி பிளாக்காக எடுத்து, நடப்பு யுசிஎஸ்ஸின் எக்ஸ்ஒய் தளத்தில் வைக்கும். வைத்த பிறகு ஏதோ கோணலாகத் தெரிகிறதே என்று திகைக்க வேண்டாம், டாப் வியூவுக்குப் போய்ப் பாருங்கள், சரியாக இருக்கும். அதன் பிறகு அது வெறும் படம், ரொட்டேட் செய்து எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். மாடல் மாறினால் தானாக மாறாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

2டி-யில் வரைந்த ஐசோமெட்ரிக்

ஐசோடிராஃப்ட் போட்டு, எஃப்5 தட்டித் தட்டித் தளம் மாற்றி வரைந்த படத்தில் ஆழம் என்று ஒன்றும் கிடையாது. அது 30, 90, 150 டிகிரிகளில் ஓடும் தட்டையான கோடுகளின் கூட்டம். எனவே சுற்றிப் பார்க்க அங்கே எதுவும் இல்லை, மறுபக்கத்தை நீங்கள் வரையவே இல்லையே.

இதற்கு மிரர் போட்டுச் சமாளிக்கிறவர்கள் உண்டு. செங்குத்துக் கோட்டை வைத்து மிரர் செய்தால் 30-உம் 150-உம் இடம் மாறிக்கொள்ளும், படம் கச்சிதமான ஐசோமெட்ரிக்காகவே இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதுதான் ஆபத்து. இடது முனையில் இருந்த ரிப் வலது முனைக்குப் போய்விட்டது, வலது கைப் பொருள் இடது கைப் பொருளாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் அந்தப் படத்தைப் பார்த்து வெட்டினால் பொருள் பொருந்தாது. இரண்டு பக்கமும் ஒத்திருக்கும் பொருளைத் தவிர வேறு எதற்கும் மிரரைத் தொடாதீர்கள்.

ட்விஸ்டில் சொன்ன 120 டிகிரி கணக்கு இங்கேயும் செல்லும். முழுப் படத்தையும் 120 அல்லது 240 ரொட்டேட் செய்தால் அதே பொருள் வேறு பக்கமாகப் படுத்திருக்கும் சரியான ஐசோமெட்ரிக் கிடைக்கும். பொருளை நிமிர்த்தவோ படுக்கவைக்கவோ இது உதவும், பின்பக்கம் பார்க்க உதவாது.

குழாய் ஐசோமெட்ரிக் மட்டும் விதிவிலக்கு. அது ஒற்றைக் கோட்டில் ஓடுவதால் மறைந்த முகம் என்று எதுவும் இல்லை, திசைகளை மாற்றி எழுதினாலே போதும். தென்மேற்கிலிருந்து தென்கிழக்குக்கு மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 30-இல் ஓடியது இனி 330-இல் ஓடும். 150-இல் ஓடியது 30-இல் ஓடும். செங்குத்து அப்படியே. எதிர்த்திசையில் ஓடினால் இதே எண்களோடு 180 கூட்டிக்கொள்ளுங்கள். தொடக்கப் புள்ளியிலிருந்து ஒவ்வொரு துண்டாக, நீளத்தை மாற்றாமல், @500<330 என்கிற மாதிரி தட்டிக்கொண்டே போனால் கோடு சீக்கிரம் முடிந்துவிடும். வடக்கு அம்புக்குறியையும் அதே கணக்கில் திருப்ப மறக்காதீர்கள், மறந்தால் தளத்தில் குழாய் எதிர்ப்பக்கம் போகும். ஒரே புராஜெக்டில் ஒரு தாளில் வடக்கு மேல் வலப்பக்கமும் இன்னொன்றில் மேல் இடப்பக்கமும் இருப்பதும் நல்லதல்ல, திருப்புவதென்றால் எல்லாத் தாளையும் திருப்புங்கள்.

கோடு திரும்பினால் எழுத்தும் திரும்ப வேண்டும். வலது தளத்தில் எழுத்துக்குச் சுழற்சி 30, சாய்வு 30. இடது தளத்தில் இரண்டுமே -30. மேல்தளத்தில் சுழற்சி 30 என்றால் சாய்வு -30, அல்லது நேர்மாறாக. முகம் இடம் மாறிய பிறகும் பழைய சாய்விலேயே எழுத்து நின்றால் அது வேறு தளத்தில் ஒட்டிய மாதிரி தெரியும். அளவுக்கோடுகளுக்கு டிம்எடிட்டில் ஆப்ளிக் எடுத்து 30, 90, 150 இவற்றில் பொருந்துவதைக் கொடுங்கள்.

பின்னால் திருப்ப வேண்டி வரும் என்று கொஞ்சம் தோன்றினாலும் 2டி ஐசோமெட்ரிக்கில் இறங்காதீர்கள். குழாயைக்கூட 3டிபாலி (முப்பரிமாணத் தொடர்கோடு) போட்டு உண்மையான எக்ஸ், ஒய், இசட்டில் ஓட்டிவிட்டால் நான்கு மூலையும் ஒரு சொடுக்கில் கிடைக்கும். 1822-இல் கேம்பிரிட்ஜில் வில்லியம் ஃபாரிஷ் இந்த முறையை எழுதி வைத்ததே, வகுப்புக்காகப் பிரித்துச் சேர்க்கும் இயந்திர மாதிரிகளை உதவியாளர்கள் சரியாகப் பூட்ட வேண்டும் என்பதற்காகத்தான். அவரிடம் தாள் மட்டும்தான் இருந்தது, நம்மிடம் முழு மாடலே இருக்கிறது.

மற்ற மென்பொருள்களில்

சாலிட்ஒர்க்ஸில் கன்ட்ரோலும் 7-உம் சேர்த்து அழுத்தினால் ஐசோமெட்ரிக். ஷிஃப்டோடு அம்பு விசையை அழுத்தினால் 90 டிகிரி சுற்றும், ஆல்ட்டோடு அழுத்தினால் பார்வைக்கோட்டைச் சுற்றிச் சுழலும். ஒரு அழுத்தத்துக்கு 15 டிகிரி என்பதுதான் அதன் இயல்பான அமைப்பு, ஆக எட்டுத் தடவை அழுத்தினால் நம்முடைய 120 வந்துவிடும். கிடைத்த கோணத்தை ஸ்பேஸ்பாரைத் தட்டி வரும் பெட்டியில் பெயர் கொடுத்துச் சேமித்தால், டிராயிங்கில் வியூ வைக்கும்போது அந்தப் பெயர் பட்டியலில் இருக்கும். அங்கே இருக்கும் அப்டேட் ஸ்டாண்டர்ட் வியூஸ் என்பதை மட்டும் யோசித்துத் தொடுங்கள், ஏற்கெனவே வைத்த டிராயிங் வியூக்கள் அனைத்தும் சேர்ந்து திரும்பிவிடும்.

இன்வென்டரில் வியூகியூப் மேல் வலது சொடுக்கி இப்போதைய வியூவையே ஃப்ரண்ட் என்று அறிவிக்க முடியும், அதன் பிறகு மூலைகள் எல்லாம் அதற்கேற்ப மாறும். தப்பான பக்கம் நிமிர்த்தி மாடல் செய்த பாகத்துக்கு இதுவே சுருக்கமான வழி.

ஃப்ரீகேடில் 0 விசை ஐசோமெட்ரிக். அதிலேயே தாள் படம் தயாரிக்கும் பகுதியான டெக்டிராவில் வியூவைத் தேர்ந்தெடுத்து டைரக்‌ஷன் என்ற பண்பில் 1,-1,1 கொடுத்தால் நாம் பார்த்த அதே தென்கிழக்கு மூலை, ரொட்டேஷன் என்ற பண்பில் 120 கொடுத்தால் அதே ட்விஸ்ட்.